தலையும் காலும் ஒரே படத்தில்

சாணார்பட்டி,
2004, ஐப்பசி.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் பழனிக்குமாருக்குத் தங்கை புவனேஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீ நலமா என்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

உன்னோடு வேலை பார்க்கும் செபஸ்தியான் அண்ணன் லீவில் வந்து, நீ சாரத்திலிருந்து விழுந்து இடது கால் போய்விட்டது என்று சொன்னதிலிருந்து அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. நீ போனில், "அதெல்லாம் பொய், போட்டோ அனுப்பிருக்கேன், திண்டுக்கல்ல ஞானராஜ் இன்டர்நெட் சென்டர்ல போய்ப் பாருங்க" என்றாய், நாங்களும் பஸ் ஏறினோம். ஆனால் அண்ணே, படம் அவ்வளவு பெரிது. முதலில் கம்ப்யூட்டர் முழுக்க மின்விசிறிதான் வந்தது, செத்த நேரம் கழித்து உன் தலை வந்தது, மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. "எம்புள்ளைய இம்புட்டுத்தான் விட்டு வச்சிருக்காய்ங்களா" என்று அம்மா அழ, சென்டரில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. ஞானராஜ் அண்ணன் படத்தை மேலே நகர்த்தி முழங்காலைக் காட்டினார். இப்போது தலையைக் காணோம்.

"இந்தா பாருங்கம்மா, காலு."

"தலையில்லாத காலு யாரு காலோ. ரெண்டையும் சேத்துக் காட்டு அப்பு."

அவர் எதையோ திறந்து, பெரிய படத்தைத் திரைக்குள் அடக்கிக் காட்டு என்று சொல்லும் இடத்தில் டிக் போட்டார். மறுபடி திறந்ததும் நீ தலை முதல் செருப்பு வரை மொத்தமாக வந்து நின்றாய், விரல் உயரத்துக்கு. அம்மா திரையைத் தொட்டு இரண்டு காலையும் பார்த்துக்கொண்டாள். பிறகு, "இம்புட்டு இளைச்சிட்டானே, அங்க சோத்துக்கு வெஞ்சனமே வைக்க மாட்டாய்ங்களா" என்றாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். செபஸ்தியான் அண்ணனைத் தெருவில் நிறுத்தி அவள் பேசியதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாரியாத்தா உன் கூடவே இருப்பாள் என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
புவனேஸ்வரி.

பின்குறிப்பு: இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். கோட்டை மாரியம்மனுக்குப் போட வெள்ளியில் கால் வாங்க அவள் போயிருக்கிறாள். அன்று அவள் சென்டர் வாசலில் எல்லோரிடமும் உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, படத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் தெரிந்தது. அழுத்தினேன். படம் பழையபடி பெரிதானது. கீழே கொண்டுபோனேன். வலது பாதத்தில் நகம் இருக்கிறது, நரம்பு தெரிகிறது. இடது பாதம் ரப்பர் போல வழவழவென்று இருக்கிறது, விரல்களுக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். அம்மா உள்ளே வருவதற்குள் மறுபடி சின்னதாக்கிவிட்டேன். ஊருக்கு வரும் தேதியை முதலில் எனக்கு மட்டும் சொல் அண்ணே. பஸ் ஸ்டாண்டுக்கு நான் தனியாக வருகிறேன்.