மாப்பிள்ளை வண்டியான கதை

ஒக்போமோஷோ

மதிப்பிற்குரிய அபியோனா அக்கா அவர்களுக்கு, தம்பி அகின்போடே தரையோடு தரையாகக் குப்புற விழுந்து வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அபேயோகுத்தாவில் தாங்களும், தங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல்.

நம் மகள் மோனிசோலாவுக்கு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை பெயர் டோகுன்போ. ஜெர்மனியில் பிறந்து இங்கே வளர்ந்தவர். இந்த நல்ல சேதியை என் வலைப்பூவில் போட உட்கார்ந்தேன். எதையும் மூணு தரம் படிக்காம நான் வெளியிட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா என் வீட்டுக்காரி, அமலாக் களி கிண்டற துடுப்போட வந்து நின்னா. "அந்த லசீசி அவன் வலைப்பூவுல முந்திக்கிட்டான்னா, நீங்க கோழிக்குத்தான் வாசிச்சுக் காட்டணும்!" ரோஷம் வந்துடுச்சு அக்கா. படபடன்னு தட்டி, படிக்காமலேயே போட்டுத் தொலைச்சேன்.

உங்களுக்குத் தெரியாததா? 'ஒக்கோ'ன்னு குரலைச் சமமா வச்சு முடிச்சா புருஷன், கடைசியைத் தாழ்த்தி முடிச்சா வண்டி. எழுத்துல வித்தியாசம் தலைக்கு மேல ஒரு சின்னச் சாய்கோடு. வேண்டாத அந்தக் கோட்டை என் கட்டைவிரல் போட்டுடுச்சு. சரி, பேரைப் பார்த்தாவது ஜனங்க புரிஞ்சுக்கக் கூடாதா? பேரு டோகுன்போ! வெளிநாட்டுலேர்ந்து வர்ற பழைய காருக்கும் நாம அதானே சொல்றோம்? 'அவர்'ங்கறதுக்கும் 'அது'ங்கறதுக்கும் நம்ம மொழியில ஒரே சொல்லு வேற. ஆக, 'எங்க பொண்ணுக்கு நல்ல வண்டி கிடைச்சிருக்கு, டோகுன்போ, உறுதியான உடம்பு, அதிகமா ஊர் சுத்தினதில்ல'ன்னு ஊரே படிச்சிருக்கு.

"பெட்ரோல் ரொம்பக் குடிக்குமோ?"ன்னு பாஸ்டர் போன் பண்றாரு. தையல்காரர் ஞாயித்துக்கிழமைக்கு இரவல் கேக்கறாரு. நான் அசடு வழிஞ்சுக்கிட்டு நிக்கறப்பவே சம்பந்தி ஒலானியோனு வந்துட்டாரு. "ஏன்யா, எம் புள்ளை என்ன பழைய வண்டியா? இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"னு குதிக்கிறாரு. மோனிசோலா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. ஒத்தைக் கோட்டால பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டோமேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மாப்பிள்ளைதான் காப்பாத்தினார். நான் போட்டதுக்குக் கீழேயே எழுதிட்டார்: "வண்டி நல்ல நிலைமையில இருக்கு. மோனிசோலா மட்டும்தான் ஓட்டலாம். இரவல் கிடையாது." அதைப் படிச்சு சம்பந்தி சிரிச்ச சிரிப்புல தொப்பி கழண்டு விழுந்துடுச்சு. உள்ளேர்ந்து கதவும் திறந்துச்சு. அப்பாடா, போன உயிர் வந்துச்சு அக்கா!

ஆகவே, இனி யார் துடுப்போடு வந்து நின்றாலும் நிதானமாகப் படித்துப் பார்த்தே எதையும் அனுப்புவதென்று முடிவெடுத்துள்ளேன். இக்கடிதமும் அப்படியே. திருமணம் வருகிற சனிக்கிழமை. தாங்கள் முந்தின நாளே வந்திருந்து பிள்ளைகளை ஆசீர்வதிக்க வேண்டும். கடவுள் தங்கள் முழங்காலுக்கும் நமக்கும் நல்ல வழி காட்டுவாராக.

தங்கள் அன்புத் தம்பி,
அகின்போடே

பி.கு.: கோடு, புள்ளி எல்லாம் சரிபார்த்து முடிக்கறதுக்குள்ள அந்தச் சனிக்கிழமை போயிடுச்சு. என் வீட்டுக்காரி போன் பண்ணினதால நீங்களும் வந்து, முன் வரிசையில உட்கார்ந்து, ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டீங்க. ஆனாலும் இவ்வளவு சுத்தமான கடிதத்தைக் கிழிக்க மனசு வரல. இதுல ஒரே ஒரு பிழைதான் இருக்கு: உங்க முழங்கால் வலி. கல்யாணத்துல நீங்க ஆடின ஆட்டத்தை லசீசி அன்னிக்கே அவன் வலைப்பூவுல போட்டுட்டான்.