உறுதிசெய் பொத்தானை இருமுறை அமுக்குக

கர்நாடகத்தின் மலெநாட்டுத் தாலுகா ஒன்றில் பாலங்களைக் காக்கும் பெரும்பொறுப்பை ஏற்றுக்கொண்ட அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே இளநிலைப் பொறியாளராக இருந்தவள் நம்ரதா ஹெக்டே. ஹொசகொப்பா தொங்குபாலத்தின் கம்பிவடம் துருப்பிடித்து நைந்துபோனதை அவள் நேரில் பார்த்து, "பாலத்தை உடனே மூட வேண்டும்" என்று அறிக்கை எழுதினாள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதன்மேல்தான் போக வேண்டும்.

அலுவலகத்தின் கோப்புகள் அலுவலகத்தில் கிடையாது. அவை பெங்களூரில் ஒரு பெரிய கணினியில் இருந்தன. இங்கே எழுதுவதை மேசைக் கணினி தன் மடியில் வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு சாவகாசமாக அங்கே அனுப்பும். எழுதி முடித்ததும் "உறுதிசெய்" பொத்தானை அமுக்கினால், போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சொல்லும். நம்ரதா அமுக்கினாள். சிவப்பில் பதில் வந்தது: "எழுத முடியவில்லை. இடம் இல்லை."

அவள் நிர்வாகப் பொறியாளர் சன்னபசப்பாவின் அறைக்குப் போனாள். அவர் கணினி ஆள் காமத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா காமத், நம்ம கோப்பை பெங்களூரு வேண்டாங்குதாமே?"

"அங்க இடம் ரொம்பிடுச்சு சார். உங்க பாராட்டு விழா வீடியோ ஏத்தினோமே, அதுலதான்."

"அது வரலாறு. அதுல கை வெக்கக் கூடாது. இந்தச் சிவப்பு எழுத்துக்கு வழி சொல்லு."

காமத் தலையைச் சொறிந்தான். "மறுபடி ஒருதரம் அமுக்கினா பச்சை வந்துடும் சார்."

"கோப்பு அங்க போய்ச் சேர்ந்துடுமா?"

"சேராது சார். சேரலைங்கிறதை அது ஒரே ஒருதரம்தான் சொல்லும். சொல்லிட்டா தன் வேலை முடிஞ்சுதுன்னு மடியில இருந்ததைக் கீழ கொட்டிடும். ரெண்டாம் தரம் கேட்டா, அனுப்ப வேண்டியது எதுவும் பாக்கியில்ல, அதனால எல்லாம் சரின்னு பச்சை காட்டும்."

சன்னபசப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தாம் இத்தனை வருட சர்வீஸில் பழகிக் கற்ற நெறியை ஓர் இயந்திரம் தானாகவே கண்டுபிடித்திருப்பது அவரை நெகிழவைத்தது.

"அப்ப ரெண்டுதரம் அமுக்கிட வேண்டியதுதானே?"

"சார், அறிக்கை அங்க இருக்காதே," என்றாள் நம்ரதா.

"பச்சை வருதா இல்லியாம்மா?"

"வரும் சார். ஆனா..."

"பச்சைக்கு அப்புறம் ஆனா என்ன ஆனா?"

அன்றைக்கே சுற்றறிக்கை வந்தது. "ஊழியர்களின் மனவுறுதியைக் குலைக்கும் சிவப்பு வாசகங்களைத் தவிர்க்கும் பொருட்டு, அனைவரும் உறுதிசெய் பொத்தானைத் தவறாது இருமுறை அமுக்குமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்." ஊழியர்கள் இவ்வளவு ஒற்றுமையாக எந்தச் சுற்றறிக்கையையும் நிறைவேற்றியதில்லை. டக் டக் என்று இரண்டு சத்தம், பிறகு காபி. நிலுவைக் கோப்பே இல்லாத அலுவலகம் என்று மாவட்டத்தில் பெயர் வாங்கினார்கள். நம்ரதாவின் விரலும் சீக்கிரமே பழகிக்கொண்டது.

பாலத்து அறிக்கையை மட்டும் அவள் மறுபடி மறுபடி எழுதிப் பார்த்தாள். திறந்தால் போன வருடத்து அறிக்கைதான் இருந்தது: "பாலம் நன்னிலையில் உள்ளது." பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஹொசகொப்பாவுக்கே போய், பாலத்தின் வாயில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, "போகாதீர்கள்" என்று பலகை எழுதி மாட்டினாள். அந்த வருடம் அலுவலகத்தார் எழுதியவற்றுள் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை சன்னபசப்பா ஜீப்பில் வந்து இறங்கினார். பிள்ளைகளும் ஊராரும் கரையில் கூட்டமாக நின்றார்கள்.

"நல்ல பாலத்தை மூட உனக்கு யாரும்மா அதிகாரம் கொடுத்தது?"

"நல்ல பாலம் இல்ல சார். வடத்தைக் கொஞ்சம் கையால தொட்டுப் பாருங்க."

"பெங்களூர்ல நல்ல பாலம்னு இருக்கு. நீ வடத்தைத் தொடச் சொல்றே."

கூட்டத்தில் இருந்த மீனவர் பைரா, "சாமி, அவங்க சொல்றது நெசந்தான். ஆடு போனாலே ஆடுது," என்றார்.

"ஆட்டுக்கு என்னய்யா தெரியும்?" என்றார் சன்னபசப்பா. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, ஒழுங்கு நடவடிக்கைக்கான சான்றுப் பொருள் என்று சீல் வைத்து, ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். பிறகு ஊரின் ஐயத்தைத் தீர்க்கவும், ஒரு புகைப்படத்துக்காகவும், தாமே பாலத்தில் நடந்தார்.

பாதி தூரம் பதிவேடு தாங்கியது. அப்புறம் வடம் அறுந்தது.

நல்லவேளையாக ஆற்றுக்கு நடுவில் ஒரு பாறை இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கைபேசியை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். மேலே மலையில் மழை பிடித்திருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"கயிறு வேணும், கயிறு இருந்தா இழுத்துடலாம்," என்று பைரா கரையில் ஓடினார். இருந்த ஒரே நல்ல கயிறு சான்றுப் பொருளாக அலுவலகம் போய்க்கொண்டிருந்தது.

"சார், பாறையை விட்டுடாதீங்க," என்று நம்ரதா கத்தினாள்.

"பதட்டப்படாதேம்மா," என்று ஆற்றிலிருந்து குரல் வந்தது. "அவசர உதவிக்கு மனு போட்டுட்டேன். நம்ம பெங்களூர்க் கணினியிலயேதான். முதல்ல சிவப்பு வந்துச்சு. மறுபடி அமுக்கினேன், பச்சை வந்துடுச்சு. இப்ப வந்துடுவாங்க."

கரையில் நின்றவர்களுக்கும் சும்மா இருக்க மனம் வரவில்லை. ஆளாளுக்குக் கைபேசியை எடுத்து அதே கணினிக்கு மனுப் போட்டார்கள். எல்லாருக்கும் சிவப்பு வந்தது. சன்னபசப்பா ஆற்றிலிருந்தே வழி சொல்லிக் கொடுத்தார். எல்லாருக்கும் பச்சை வந்தது. ஊரே உதவி கேட்டாகிவிட்டது என்று பைராவும் ஓடுவதை நிறுத்தி, தோள்துண்டை விரித்து உட்கார்ந்தார்.

தண்ணீர் சன்னபசப்பாவின் மார்புக்கு வந்தது. நம்ரதாவும் கைபேசியை எடுத்து மனு எழுதி அமுக்கினாள். சிவப்பு வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கரையிலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அவள் யோசிப்பதற்குள் விரல் தானாக இரண்டாம் தரம் அமுக்கிவிட்டது.

பச்சை வந்தது. அவளுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.