இரண்டாம் வகுப்பு வாய் திறக்காத நாள்

பரீட்சை எழுதப் பயப்படுகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பரீட்சை வைக்கப் பயந்தவள் திருவண்ணாமலை வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதிலும் என்னிடம் பரீட்சைக்கு உட்கார வந்தவர்கள் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள். முன்பல் விழுந்த, என் இடுப்பு உயரம்கூட இல்லாத பிள்ளைகள். அவர்கள் தைரியமாகத்தான் வந்தார்கள். நடுங்கியது நான்.

அப்போது நான் பி.எட். கடைசி வருஷம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிகிறதா, வார்த்தை படிக்கிறார்களா என்று எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரி சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று நடந்தது. யாருக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காக. சொந்த டீச்சரே சோதித்தால் தன்னையறியாமல் கைகொடுத்துவிடுவார் என்று, எங்களைப் போன்ற வெளியாட்களை அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளி.

வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்தவர் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஏழுமலை சார். அன்று அவர் சொன்னதில் முக்கால்வாசி, செய்யக்கூடாதவைதான். குழந்தை சரியாகச் சொன்னால் தலையாட்டக்கூடாது. தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்கக்கூடாது. சிரிக்கக்கூடாது. எடுத்துக்கொடுக்கக்கூடாது. மூன்று விநாடி பதில் வரவில்லையா, தெரியாது என்று போனில் இதற்கென இருந்த செயலியில் குறித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். எழுத்து அட்டையின் முதல் வரிசை முழுவதும் பதில் இல்லை என்றால் அந்தக் குழந்தையை மேலும் வருத்தாமல் சோதனையை நிறுத்திவிட வேண்டும்.

"நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாகூட ரிசல்ட் மாறிடும். எழுதியிருக்கறத அப்படியே சொல்லுங்க, ஜாஸ்தியும் வேணாம் கம்மியும் வேணாம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. (சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். மாத்திரை அட்டையில் 'உணவுக்குப் பின்' என்று போட்டிருந்தால், பின் என்றால் எவ்வளவு பின் என்று கேட்டு அம்மாவைப் பாடாய்ப் படுத்துவேன்.) குழந்தையிடம் சொல்ல வேண்டியதை ஒரு புள்ளி பிசகாமல் மனப்பாடம் செய்தேன். "நான் 'தொடங்கு' என்று சொன்னதும் நீ இந்த எழுத்துகளைப் படிக்க வேண்டும். அதுவரை பேசாமல் இருக்க வேண்டும்." பாத்திரம் தேய்க்கும்போது சொன்னேன். பல் தேய்க்கும்போதும் நுரையோடு சொன்னேன்.

ஒத்திகைக்குக் கிடைத்தவன் என் தம்பி தினேஷ், காலேஜ் முதல் வருஷம். எதிரே உட்காரவைத்து வாக்கியத்தைச் சொல்லி எழுத்து அட்டையை நீட்டினேன். அவன் கொட்டாவி விட்டபடி கடகடவென்று படித்து முடித்தான்.

"அவ்ளோதானே? இதுக்கு இன்னாத்துக்குக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"சிரிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா."

"சிரிக்கக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. பயமுறுத்தச் சொல்லலயே."

மறுநாள் காலை அந்தப் பள்ளிக்குப் போய் இறங்கியபோது எனக்கு உள்ளங்கையெல்லாம் ஈரம். இரண்டாம் வகுப்பு டீச்சர் மும்தாஜ் வாசலிலேயே நின்றிருந்தார். நடுத்தர வயது, கனத்த கண்ணாடி, வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்கம்மா. எம்பசங்க ரெடி. நேத்தே சொல்லிட்டேன், வர்ற மிஸ் இன்னா சொல்றாங்களோ அத மட்டும் செய்யணும், சொல்லாதது எதுவும் செய்யக்கூடாதுன்னு. எங்க நித்யா கதையே படிப்பா, பாருங்க."

எனக்குப் பதில் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. விதிகளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் பேசாமல் நின்றேன். அவர் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி அறையைக் கொடுத்தார்கள். முதலில் வந்தவள் அந்த நித்யாதான். இரட்டைச் சடை, நெற்றியில் விபூதி. வாக்கியத்தைப் பிசகில்லாமல் சொன்னேன். அட்டையை வைத்தேன். போனில் பொத்தானை அழுத்தினேன்.

நித்யா முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்படியே இருந்தாள்.

மூன்று விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் எழுத்து போயிற்று. இரண்டாவது போயிற்று. நித்யா கண் கொட்டாமல் என் வாயைப் பார்த்தாள். நான் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள் என்று நினைத்தேன். மனசு உருகியது. ஆனால் விதி விதிதான். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். முதல் வரிசை முடிந்தது. போன் தானாகவே 'நிறுத்துக' என்றது.

"போதும்மா, நீ போலாம்" என்றேன்.

கதவருகே போய் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் டிக்கெட் வாங்கிய பிறகும் இறங்கச் சொன்னால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி ஒரு பார்வை.

அடுத்தவன் வந்தான். விரலை வைத்தான், மூச்சை இழுத்தான், உதட்டை மூடினான். அடுத்தவளும் அதே. அடுத்தவனும் அதே. ஒருவன் மூச்சைப் பிடித்துப் பிடித்து முகமே சிவந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு முழுக்க ஒரு பிள்ளைக்கும் 'ப'கூடத் தெரியாதா? அந்த டீச்சர் வாசலில் அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாரே, கதையே படிப்பாள் என்று?

கடைசிக்கு முன்னால் வந்தவள் ரோஷினி. வரும்போதே நாற்காலியை இழுத்து, என் பேனாவை எடுத்து, ஜன்னலில் எட்டிப் பார்த்து, ஒரு வழியாக உட்கார்ந்தாள். நான் "நான் தொடங்கு என்று" வரைக்கும்தான் சொல்லியிருப்பேன். அதற்குள் அட்டையைப் பிடுங்கி, "ப, ட, ம, க..." என்று ஏலம் விடுவது மாதிரி கத்தினாள். நடுவில் ஒன்றிரண்டைத் தப்பாகச் சொன்னாள், சிலதை விட்டுவிட்டாள். ஆனால் சொன்னாளே! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (தண்ணீர் விடக்கூடாது என்று விதியில் இல்லை.)

பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. மற்ற பள்ளிகளில் சாயங்காலம் வரை இழுத்ததாம். மும்தாஜ் டீச்சர் டீயும் வேகவைத்த மல்லாட்டையும் கொண்டுவந்து வைத்தார். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்.)

"எப்படிம்மா படிச்சாங்க?"

முடிவைச் சொல்லக்கூடாது என்பது மட்டும் விதியில் தெளிவாக இருந்தது. இன்னொரு மல்லாட்டையை உரித்தேன். பாவம் இந்த டீச்சர் என்று நினைத்துக்கொண்டு முடிவுகளை அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

அன்று பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திருவண்ணாமலைக்குத் திரும்பினால், பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருந்தபோது ஏழுமலை சார் கூப்பிட்டார்.

"பரிமளா, எங்க இருக்கீங்க? உங்க ஸ்கூல்ல எல்லாமே ஜீரோ வருது."

"சார்? அரோகரா சத்தத்துல கேக்கல சார்."

"ஜீரோ! ஜீரோம்மா! ஒரே ஒரு பொண்ணத் தவிர மொத்த கிளாஸும் ஜீரோ! போன்ல எதுனா பிரச்சனையா?"

"இல்ல சார்" என்றேன், எங்கிருந்தோ வந்த உறுதியுடன். "பசங்களுக்கு ஒண்ணுமே தெரியல சார். நான் எழுதியிருந்தத அப்படியே சொன்னேன்."

அவர், "நாளைக்குக் காலைல நானும் வரேன். அந்த டீச்சருகிட்ட இப்பத்தான் பேசுனேன். அழறாங்க" என்றார்.

சுற்றிலும் எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் அழுகிறார் என்றதும்தான், இது வெறும் எண் இல்லை என்று மண்டையில் ஏறியது.

மறுநாள் பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. நித்யாவின் அப்பா வயலிலிருந்து நேராக, காலில் சேறோடு வந்திருந்தார்.

"இன்னா மேடம், ஒரு எழுத்துகூடத் தெரியலையாமே? அப்ப இத்தன நாளு இங்க இன்னாதான் சொல்லிக்குடுத்தாங்க? அடுத்த வருசம் கடன ஒடன வாங்கியாச்சும் வேன்ல ஏத்தி இங்கிலீஷ் பள்ளிக்கே அனுப்பிடறேன்."

பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். ஏற்கெனவே பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் பள்ளி. இன்னும் நாலு பிள்ளை வேன் ஏறினால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மும்தாஜ் டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதே அறை. மறுபடியும் நித்யா. என் பின்னால் ஏழுமலை சார், அவருக்குப் பின்னால் மும்தாஜ் டீச்சர். ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள். வாக்கியம் மனப்பாடமாயிற்றே, தானாக வந்தது. "நான் 'தொடங்கு' என்று சொன்னதும் நீ இந்த எழுத்துகளைப் படிக்க வேண்டும். அதுவரை பேசாமல் இருக்க வேண்டும்." பொத்தானை அழுத்தினேன்.

நித்யா விரலை வைத்தாள். மூச்சை இழுத்தாள். உதட்டை மூடினாள்.

'பார்த்தீர்களா சார்' என்கிற மாதிரி நான் திரும்பினேன். ஏழுமலை சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நித்யாவும் என்னையே பார்த்தாள். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அட்டையைப் பார்த்தேன்.

அவர் குனிந்து, "ஏம்மா படிக்கல? தெரியாதா?" என்று கேட்டார்.

நித்யா வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி என் வாயைக் காட்டினாள்.

அப்போது ஜன்னலிலிருந்து ரோஷினியின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது. "சார்! மிஸ் இன்னும் தொடங்குன்னு சொல்லவே இல்ல சார்! நேத்தும் சொல்லல!"

"சொன்னேனே!" என்றேன் நான். "சார், நீங்களே கேட்டீங்களே. நான் 'தொடங்கு' என்று சொன்னதும்..."

சொல்லும்போதே என் குரல் தேய்ந்தது.

ஏழுமலை சார் கண்களை மூடிக்கொண்டார். "அது, சொல்லப் போறேன்னு சொன்னது. அப்புறம் எப்பம்மா சொன்னீங்க?"

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்திருந்தது. ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் புரிந்திருந்தது. ஒரு பி.எட். மாணவிக்குத்தான் புரியவில்லை. தரை பிளக்காதா என்று பார்த்தேன். கெட்டியான சிமெண்ட் தரை, அசையவில்லை.

"தொடங்கு" என்றேன். எறும்பு பேசினால் அப்படித்தான் இருக்கும்.

நித்யா உடைந்த குழாய் மாதிரி கொட்டினாள். எழுத்து அட்டை, வார்த்தை அட்டை, கதை அட்டை எல்லாம் முடித்து, யாரும் கேட்காமலே அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'மடிக்கவோ கிழிக்கவோ கூடாது' என்பதையும் படித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். வாசல் பக்கம் அவள் அப்பா யாரிடமோ, "நான் அப்பவே சொல்லல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். (சொல்லவே இல்லை.)

சாயங்காலம் வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் மறுபடி நடந்தது. பெரும்பாலானவர்கள் நன்றாகப் படித்தார்கள். ஒரு சிலர் நிஜமாகவே தடுமாறினார்கள். ரோஷினி அவர்களில் ஒருத்தி. "நேத்து நான்தான் ஃபர்ஸ்ட்டு" என்று கடைசிவரை என்னிடம் சண்டை போட்டாள். அவளுக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்று குறித்துக்கொண்ட மும்தாஜ் டீச்சர், அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போதே தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறினால், சிரிப்பு.

"ராத்திரி பூரா, நாம இவங்களுக்கு இன்னாதான் சொல்லிக்குடுத்தோம்னு நெனச்சு நெனச்சு தூக்கமே இல்லம்மா. இப்பதான் தெரியுது. சொன்ன பேச்சு கேக்கறத சொல்லிக்குடுத்திருக்கேன். அதான் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சி."

அதற்குப் பிறகு வேங்கிக்காலில் நடக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் ஏழுமலை சார், "போன தடவ ஒரு மேடம் இருந்தாங்க" என்று ஆரம்பிப்பார் என்று கேள்விப்பட்டேன். பேர் சொல்லமாட்டாராம். நல்ல மனிதர்.

தினேஷ் அப்படி இல்லை. இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணம். முகூர்த்த நேரம், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார், ஐயர் கையைப் பார்த்து மேளக்காரர் காத்திருக்கிறார், மண்டபமே ஒரு கணம் அமைதியானது. அந்த அமைதியில் தினேஷ் சத்தமாகச் சொன்னான்: "மாமா, இருங்க! அக்கா தொடங்குன்னு சொல்லட்டும்!"

எங்கள் பக்கம் முழுக்க வெடித்துச் சிரித்தது. அவர்கள் பக்கம் ஒன்றும் புரியாமல் முழித்தது. எனக்கு மறுபடியும் உள்ளங்கையெல்லாம் ஈரம். மாப்பிள்ளைக்குக் கதை தெரியாது. ஏதோ எங்கள் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தவர், தாலியோடு அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். ஐயர் அவசரப்படுத்தினார். மாப்பிள்ளை கட்டவில்லை. காத்திருந்தார்.

சொன்னேன். கல்யாண வீடியோவில் மேளச் சத்தத்துக்கு முன்னால் அது தெளிவாகக் கேட்கிறது.