வால்வு மாற்றிய மாப்பிள்ளை

வால்வு கையோடு வந்துவிட்டது. அதன் ஒன்பது கால்களில் எட்டு மட்டும்தான் கூட வந்திருந்தன.

மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார். எண்ணிக்கை கூடுவதாக இல்லை. ஒன்பதாவது கால் மாமனாரின் மரப்பெட்டிச் சாக்கெட்டுக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமனார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒயரும் சாமானும் வாங்கி வந்து, தன் கையாலேயே பற்றவைத்துக் கட்டிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் அது. பெட்டியின் தலையில் இரண்டு கண்ணாடி வால்வுகள். ஸ்விட்சைப் போட்டால் பழைய ரேடியோவில் எரிவதுபோல் மெல்லிய ஆரஞ்சு வெளிச்சம் வரும். தினமும் சாயங்காலம் ஹாலில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அதற்குப் பிறகு வீடு இடிந்து விழுந்தாலும் அவரிடம் சொல்ல முடியாது. பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது. தூசி தட்டுவதற்குக்கூட.

தொட்டதற்கு மாப்பிள்ளையிடம் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில், சமையலறைக் குழாயைச் சரிபண்ணுகிறேன் பேர்வழி என்று ஸ்பானரைத் தூக்கியவர் அவர். அன்றைக்கு மொத்தக் குடும்பமும் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தது. அதிலிருந்து அவர் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கண்டால் மாமியார் எழுந்து நின்றுவிடுவார், மரியாதைக்காக அல்ல. இப்போது சொந்த வீட்டில் ரிப்பேர் வேலை என்று மனைவியோடு இங்கே வந்து தங்கியிருந்தார். மாமனாருக்குப் பிறந்த நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை, மாமனார் வாயால் "நம்ம மாப்ளைக்கு நல்ல கை" என்று கேட்டுவிட்டால் போதும் என்று அவருக்கு ஏக்கம்.

அந்த ஏக்கத்தில் எண்ணெய் ஊற்றியவர் ஆபீஸ் நண்பர். பாட்டுக் கேட்கும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பாட்டை எதில் கேட்க வேண்டும் என்று பேசுகிறவர். அதனால் ஆபீசில் அவருக்குப் பெயரே 'சவுண்டு'.

"வால்வு ரெண்டையும் மாத்தி வைய்யா. பாடுறவங்க பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கும். அப்புறம் பாரு, மாப்ளைன்னா மாமனாருக்கு உசுரு" என்று சொல்லி, தன்னிடம் இருந்த இரண்டு வால்வுகளையும் கொடுத்தனுப்பினார்.

மாமனார் நடைப்பயிற்சிக்கும், மனைவியும் மாமியாரும் கடைக்கும் போயிருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை காரியத்தில் இறங்கினார். முதல் வால்விலேயே கால் போயிற்று.

மனைவியின் புருவம் திருத்துகிற இடுக்கியை எடுத்து வந்து, ஒடிந்த காலைப் பிடுங்கப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. குண்டூசியால் நெம்பினார். 'டிக்' என்ற சத்தத்தோடு கால் பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிட்டது. போனது போகட்டும், புது வால்வுகளைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இரண்டையும் சொருகி ஸ்விட்சைப் போட்டார்.

இடது பக்க வால்வு பளீரென்று எரிந்து, உடனே அணைந்தது. வலது பக்கத்து வால்வு எரியவே இல்லை. கருகல் வாடை வந்தது. பெட்டியோடு இணைத்திருந்த சி.டி. பிளேயரில் பாட்டைப் போட்டு ஹெட்போனை மாட்டிப் பார்த்தார். பிளேயரில் எண்கள் ஓடின. காதில் மயான அமைதி. பதறிப்போய்ப் பழைய வால்வுகளில் கால் ஒடியாததை மட்டும் திரும்பச் சொருகினார். அது எரிந்தது. ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை.

அந்த வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஜன்னல் பக்கத்தில் மட்டும்தான். அங்கே நின்று சவுண்டைக் கூப்பிட்டார்.

"பழைய வால்வுல என்ன நம்பர் போட்டிருந்துச்சு?" என்றார் சவுண்டு.

"நம்பரா? ஒன்பது கால் இருந்துச்சு. நீ குடுத்ததுலயும் ஒன்பது கால்."

"உன் வீட்டுச் சாவி என் வீட்டுப் பூட்டுலயுந்தான் நுழையும். அதுக்காகத் திறக்குமாய்யா? உள்ள ஓடுற வோல்ட் வேற வேறயா இருக்கும். உள்ள என்னென்ன கருகிப்போச்சோ. முன்னாடி எப்படிப் பாடுச்சு?"

"நான் எங்க கேட்டேன்? அவர் யாரையும் தொட விடமாட்டாரே."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை போனை அணைத்துவிட்டு, எரியாத வால்வு ஒன்றைக் காலி சாக்கெட்டில் ஒப்புக்குச் சொருகிவைத்து, சோபாவில் வந்து விழுந்தார். கையில் கிடைத்த பத்திரிகையை விரித்துக்கொண்டார். தலைகீழாகத்தான் விரித்தார்.

மாமனார் வந்தார், உட்கார்ந்தார், ஸ்விட்சைப் போட்டார். ஒரு வால்வு எரிந்தது. இன்னொன்று எரியவில்லை. அவர் வால்வைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, தலையை ஆட்ட ஆரம்பித்தார். காலும் தாளம் போட்டது.

மாப்பிள்ளைக்கு நம்ப முடியவில்லை. மெல்ல எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். "மாமா, எப்படி இருக்கு?"

மாமனார் ஒரு பக்கக் காதைத் திறந்தார். "இன்னிக்கு ரொம்ப சுத்தமா இருக்கு மாப்ளே."

ஐயோ பாவம், மனுஷனுக்குக் காது போய்விட்டது. எதிரில் பேசினால் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிச் சமாளிக்கிறார். மாப்பிள்ளை அப்படித்தான் முடிவுகட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் நின்று, "மாமா, தோள்ல பல்லி" என்று சொல்லிப் பார்த்தார். தாளம் போட்ட கால் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் போட ஆரம்பித்தது. மனசுக்குள் ஓடுகிற பாட்டில் சரணம் மாறியிருக்கும் என்று மாப்பிள்ளை பரிதாபப்பட்டார்.

பரிதாபத்தோடு ஒரு சௌகரியமும் வந்தது. இனிமேல் அவர் பக்கத்திலேயே நின்று போன் பேசலாம்.

"கிழவருக்குச் சுத்தமாக் காது கேக்கலைய்யா. பிழைச்சேன்" என்று மறுநாள் சவுண்டிடம் சொன்னார். நாற்காலியில் மாமனார் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, உன் வீட்டு வேலை முடிஞ்சுதா?"

"அது போன வாரமே முடிஞ்சுது. இங்க நேரத்துக்குச் சாப்பாடு வருது, துணி துவைச்சு மடிச்சு வருது. பெயிண்ட் இன்னும் காயலைன்னு சொல்லி ஓட்டிக்கிட்டிருக்கேன். பொண்டாட்டிக்கே தெரியாது."

"மாமியார்?"

"வாயைத் திறந்தா மூடமாட்டாங்க. இவரு இதை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காருன்னா ஏன் மாட்டமாட்டாரு? அவங்க போடுற காபியைக் குடிச்சா நானே கண்ணை மூடிக்கிறேன்."

அன்றைக்குச் சாப்பிடும்போது மாமனார் கேட்டார். "வீடு எந்த அளவுல இருக்கு மாப்ளே?"

"பெயிண்ட் இன்னும் காயலை மாமா."

"இந்த வெயில்லயுமா?"

"நல்ல பெயிண்ட் மாமா. மெதுவாத்தான் காயும்."

மாமனார் தண்ணீர் குடித்தார்.

எரியாத வால்வுதான் மாப்பிள்ளையின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மனைவி பார்த்துவிட்டால்? பொம்மைக் கடைக்குப் போய், மிட்டாய் அளவில் ஒரு பேட்டரி விளக்கு வாங்கிவந்து வால்வுக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். ஆரஞ்சு நிறத்தில் கச்சிதமாக எரிந்தது. அப்பாடா என்று அவர் கை கழுவப் போன பிறகுதான், அது நிறம் மாறுகிற ஜாதி என்று தெரியவந்தது.

சாயங்காலம் மொத்தக் குடும்பமும் ஹாலில் இருந்தது. வால்வு ஆரஞ்சிலிருந்து பச்சைக்குப் போனது. பச்சையிலிருந்து ஊதாவுக்கு வந்தது. பிறகு விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது.

"என்னப்பா இது, கலர் கலரா எரியுது?" என்று மனைவி தன் அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

மாமனார் கண்ணைத் திறந்து வால்வைப் பார்த்தார். அது அப்போது நீலத்தில் இருந்தது.

"சூடு ஏறினா அப்படித்தாம்மா. பழைய வால்வு பாரு."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. அந்தப் பெட்டியைத் தன் கையால் கட்டிய மனுஷர், ஊதா நிறத்தில் வால்வு எரியுமா எரியாதா என்று தெரியாதவரா? அவருக்குக் காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. ஹெட்போன் காதை அடைத்திருந்ததால்தான் பல்லி என்றது விழுந்திருக்காது. ஹெட்போனில்தான் ஒன்றும் வரவில்லை. எல்லாம் தெரிந்தேதான், ஒன்றும் கேட்காத ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டுகிறார். மகள் முன்னால் மருமகனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பொய்யும் சொல்கிறார். நினைக்க நினைக்க மாப்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தூக்கம் வரவில்லை. மாமியார் கொடுத்த காபியை மறுபேச்சில்லாமல் இரண்டு டம்ளர் குடித்தார்.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவருக்கு வேலையே, உடைந்த பொருளுக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்களைச் சந்தேகப்படுவதுதான். அன்றைக்கு ஓர் அம்மாள் வந்து, "டி.வி. தானா விழுந்துடுச்சு சார்" என்றார். வழக்கமாக அந்தத் 'தானா'வைப் பிடித்துக்கொண்டு மனிதரை அழவைத்துவிடுவார். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டே, "விழுந்திருக்கும்மா, விழும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிறந்த நாளும் வந்தது. மாமனார் புதுச்சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ளப் போனபோது, மகளுக்கு ஓர் ஆசை வந்தது.

"அப்பா, இன்னிக்கு ஆளுக்கு ஒரு பாட்டு அதுல கேக்கிறோம். நான்தான் முதல்ல."

மாமனாரின் முகம் வெளுத்தது. "வேண்டாம்மா. இப்பத்தான் போட்டேன், இன்னும் சூடாகலை."

"ஆகிற வரைக்கும் இருக்கேன்."

"சூடானா ஷாக் அடிக்கும்மா."

"இவ்வளவு நாளா உங்களுக்கு அடிக்கலையா? குடுங்கப்பா" என்று அவள் ஹெட்போனைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. பிறந்த நாள் அன்று ஒரு பெரிய மனிதர் தனக்காக மகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாப்பிள்ளையால் முடியவில்லை.

"விடு. அதுல ஒண்ணும் கேக்காது" என்றார். "நான்தான் கெடுத்துட்டேன்."

மகளின் கை ஹெட்போனை விட்டது. வால்வு மட்டும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கொட்டினார். கால் ஒடிந்ததை, குண்டூசியை, கருகல் வாடையை, பொம்மை விளக்கைச் சொன்னார். "அன்னியிலேருந்து மாமாவுக்கு ஒரு பாட்டும் கேட்டிருக்காது. என்னைக் காப்பாத்தத்தான் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. செருப்பால அடிங்க மாமா, வாங்கிக்கிறேன்."

"உங்களை யாருங்க அதைத் தொடச் சொன்னது?" என்று மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு சும்மாவே இருக்கமாட்டீங்களா?"

மாமனார் எழுந்தார். கோபப்படவில்லை. ஏனோ அவருக்குத்தான் வியர்த்திருந்தது.

"போகட்டும் விடும்மா. பொருள்தானே. மாப்ளை மனசு தங்கம்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, வெயில் தணியாத நேரத்திலேயே நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார். மகள், "அப்பா, வெயில்ப்பா" என்று குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மாமியார் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றார்.

"மாமா மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லை அத்தை. இருந்த ஒரே சந்தோஷத்தையும் கெடுத்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கலை. அந்தப் பெட்டி மறுபடி பாடுற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

மாமியார் ஒரு தலையணை உறையை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நிதானமாக மடித்தார்.

"அது பாடி எத்தனையோ வருஷமாச்சு மாப்பிள்ளை. வீட்டுல யார் யார் என்ன பேசிக்கிறாங்கன்னு கேக்கத்தான் அவரு அதை மாட்டிக்கிட்டு உக்காருறதே, படுக்க வந்ததும் ஒண்ணு விடாம எங்கிட்ட ஒப்பிச்சிடுவாரு."