சங்குக்கு ஒரு சொட்டு

ஓசூர்,
8.2.2009

அன்பு மருமகன் ஆனந்துக்கு,

உன் தாய்மாமன் வெள்ளைச்சாமி எழுதுவது. நானும் உன் அத்தை பொற்கொடியும், என் இடது கண் நீங்கலாக, நலம். உன் நலத்தை நான் கேட்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீ நலமாகிவிடுவாய்.

பொங்கலுக்கு வந்தபோது நீ என்னை இரண்டு முறை அவமதித்தாய். "சொட்டு மருந்து ஒழுங்கா போட்டா கண்ணு பிரஷர் ஏன் மாமா ஏறுது?" என்றாய். இன்னும் ஏறினால் இடது கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது நான் விளையாடுவேனா? எட்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பெனியின் ஷிப்டுச் சங்கும் காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து. சங்கு ஊதினால் சொட்டு. பதினோரு மாதமாக ஒரு சங்கைக்கூட நான் தவறவிட்டதில்லை. கடிகாரம் பொய் சொல்லும், கம்பெனி சொல்லாது.

இரண்டாவது அவமானம் உன் ஆராய்ச்சியில். புளியங்கொட்டைப் பிசினில் மருந்தைக் கலந்து, நீல ஒளி காட்டி மெல்லிய தகடாக இறுக்கி, இமைக்குள் வைத்தால் நாள் முழுக்க மருந்து கசியும் என்றாய். ஆனால் தகடு மேலே பிசுபிசுக்கிறது, உப்பு நீரில் ஒரு மணி நேரத்தில் கரைந்துபோகிறது, பிப்ரவரிக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு தலைப்பு எடுக்கச் சொல்லிவிட்டார் பேராசிரியர் என்று அத்தையிடம் அழுதாய். நான் வாய் திறந்ததும், "மாமா, இது லேபிள் இல்ல" என்றாய். சிவகாசியில் அச்சுத் தொழில் பழகி, கிருஷ்ணகிரி அச்சகத்தில் மாம்பழக்கூழ் டின் லேபிளுக்கு இருபத்திரண்டு வருஷம் விளக்கொளியில் வார்னிஷ் இறுக்கியவனிடம்!

நீ ஃபிரிட்ஜில் மறந்துவிட்டுப் போன, மருந்துக்குப் பதில் நீலச் சாயம் கலந்த பிசின் பாட்டிலைக் கறுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு வியாழக்கிழமை என் பழைய அச்சகத்துக்குக் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். சானமாவு காட்டுக்குள் சாலையில் யானை. பஸ் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கண்டக்டருக்கு என் மூட்டை மேல் கண்.

"பெருசு, அதுல என்னா? பாம் கீம் இருக்குதா?"

"கண்ணுக்கு வைக்கிற புளியங்கொட்டப் பசை."

பஸ்ஸே என்னை விட்டு விலகி உட்கார்ந்தது. பிரித்துக் காட்டு என்றார். வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் என்று நான் வயிற்றோடு அணைத்துக்கொள்ள, சந்தேகம் இன்னும் கூடியது. பேரிகை ஊர்க்காரி, செல்லி என்று ஒரு தாய், கத்தரிக்காய்க் கூடையோடு எழுந்து, "யானைக்குப் பயந்தது பத்தாதா, இந்தப் பெருசோட மூட்டைக்கும் பயப்படணுமா? வுடுய்யா!" என்று அதட்டியதால் பிழைத்தேன்.

அச்சகத்தில் இப்போது, என்னிடம் வேலை பழகிய முனிராஜ்தான் மேஸ்திரி. "என்னங்க, ரிட்டயர் ஆயியும் லேம்ப்பு உங்கள வுடலையா?" என்று சிரித்தான். முதல் தகடு உன்னுடையது போலவே அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. அடுத்ததில் பசையின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைக் குமிழி இல்லாமல் மூடி விளக்கில் காட்டினேன். காற்று படுகிற பக்கம் இறுகாது, ஆனந்த்! வார்னிஷுக்கும் அதே குணம்தான். தாளை உரித்தேன். சுண்டினால் சத்தம் வந்தது.

வீட்டில் வெதுவெதுப்பான உப்பு நீரில் போட்டு மணிக்கொரு தரம் நீர் மாற்றினேன். மறுநாள் மாலைவரை நீலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டிவி மேல் வரிசையாக வைத்த டம்ளர்களை உன் அத்தையை இன்னும் எடுக்கவிடவில்லை நான். தகடு கரையவில்லை. ஆறு துண்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பேராசிரியரிடம் காட்டு. லேபிள்காரன் சொன்னான் என்றே சொல்.

தலைப்பு மாறாமல், தலை குனியாமல் நீ நூறாண்டு வாழ வேண்டும். உன் அம்மாவிடம் அவள் தம்பி ஜெயித்துவிட்டான் என்று தெரிவி.

இப்படிக்கு,
மு. வெள்ளைச்சாமி

பின்குறிப்பு (9.2.2009): கடிதத்தை நேற்று அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "பத்து மணிச் சங்கா? அது எங்கிட்டு ஊதுது? ஆர்டர் இல்லன்னு தீவாளிலருந்து காலைல ஒத்த ஷிப்டுதானே ஓடுது, ரெண்டு மணிச் சங்கோட சரி!" என்கிறாள். மூன்று மாதமாக இரவுச் சொட்டு விழவில்லை. நான் தவறவில்லை, சங்கு தவறிவிட்டது. இருந்தாலும் முதல் அவமானம் பற்றிய புகாரை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சங்கை நம்பாத மருந்துதான் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? அதையும் பேராசிரியரிடம் சொல், என் பெயர் மட்டும் வேண்டாம். நேற்று முதல் இரவு பத்துக்கு உன் அத்தை தட்டில் கரண்டியால் அடிக்கிறாள். தெருவே எழுந்துகொள்கிறது. சீக்கிரம் முடி.