மூன்றாம் எண் கணினியிலிருந்து வந்தது என் கடிதம் அல்ல

பாசத்துக்கும் அதைவிடச் சற்று அதிகமாகப் பயத்துக்கும் உரிய தங்கை பாப்பாவுக்கு உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே உன் நலத்தோடு உன் ஆஸ்பத்திரி லிஃப்டின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் என் பெயரில் உனக்கு வந்த மின்னஞ்சலில் ‘அன்புள்ள தங்கைக்கு’ என்ற இரண்டு சொற்கள்தான் என்னுடையவை. மீதிக்கு நான் ஜவாப்தாரி அல்ல. அதனால்தான் இதைத் தாளில், என் கோழிக்கிறுக்கலில், தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். இந்தக் கையெழுத்தில் உலகத்தில் வேறு யாராலும் எழுத முடியாது. எழுதிய பிறகு பல சமயம் என்னாலேயே படிக்கவும் முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன், பல்லைக் கடிக்காமல் கேள். போனில் சொன்னால் நான் குறுக்கே குறுக்கே பேசி உன்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடமாட்டேன் என்று, உன் கல்யாண விஷயத்தை மின்னஞ்சலில் எழுதினாய். நியாயம்தான். ஆனால் என்னிடம் இருப்பது பொத்தான் போன். அதில் பேசலாம், டார்ச் அடிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே தெருமுனை நூலகத்துக்குப் போனேன். முன்பெல்லாம் அங்கே நாளிதழை முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள், என்னையும் சேர்த்து. மூன்று கணினிகளை வைத்து ‘இணையம் அனைவருக்கும் இலவசம்’ என்று பலகை மாட்டினார்களோ இல்லையோ, வாசல்வரை வரிசை. ஆளுக்கு அரை மணி நேரம். நூலகரம்மா தன் வீட்டு அலாரக் கடிகாரத்தைக் கொண்டுவந்து கணினிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். சத்தம் போடக் கூடாது என்று நான்கு சுவரிலும் எழுதியிருக்கும் அறையில் அது அடித்தால், அடுக்கில் இருக்கிற அகராதிகூட ஒரு தடவை துள்ளிவிட்டு உட்காரும். கேட்டதற்கு, “அலாரம் கத்தலாம் சார், நாமதான் கத்தக் கூடாது” என்று காதோடு சொன்னார்.

உன் கடிதத்தைத் திங்கட்கிழமை படித்தேன். ஆஸ்பத்திரி லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டாய், வெளியே நின்று பழுது பார்த்த மெக்கானிக் கதவிடுக்கு வழியாக உனக்குப் பேச்சுத்துணை கொடுத்தார், நாற்பத்துமூன்று வயதில் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமென்று இருக்கிறாய். ‘கதவு திறந்ததும், ஏன்டா திறந்ததென்று இருந்தது அண்ணா’ என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அதற்குள் அலாரம் அடித்துவிட்டது. கடைசி வரியைச் செவ்வாய்க்கிழமைதான் பார்க்க முடிந்தது. ‘வெள்ளிக்கிழமை அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், உனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவேன்.’ அடிப்பாவி! வெள்ளிக்கிழமை எங்கள் நூலகத்துக்கு விடுமுறை!

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் உனக்கு வந்த வரனை நான் விசாரிக்கப் போன கதை உனக்கு மறந்திருக்காது. அவர் அலுவலகத்தில் விசாரித்தேன், பழைய அலுவலகத்தில் விசாரித்தேன், அவருக்கு முடிவெட்டுகிறவரிடமும் விசாரித்தேன். கடைசியில் அந்த மனிதர், “பொண்ணு தங்கம்தான், ஆனா இந்த அண்ணன்கிட்டேயிருந்து நான் தப்பிச்சாப் போதும்” என்று ஊர் மாறியே போய்விட்டார். நீ அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலாம். அதனால் இந்தத் தடவை யோசித்து எழுதவேண்டுமென்று செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் ‘அன்புள்ள’ அடித்து, ‘தங்கைக்கு’ அடித்து, அடுத்து என்ன என்று யோசித்தேன். அலாரம். புதன்கிழமையும் அதே இரண்டு சொல், அதே யோசனை, அதே அலாரம். வரிசையில் நிற்கிறவர்கள் எனக்கு ‘அன்புள்ள சார்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். உன் அண்ணி மட்டும், “நேர்ல பேசினா நிறுத்தத் தெரியல, எழுதச் சொன்னா ஆரம்பிக்கத் தெரியல” என்றாள். அவளுக்கு எப்போதும் என் மேல் ஒரு கண்.

வியாழக்கிழமை கடைசி நாள். ‘அன்புள்ள தங்கைக்கு’ ஆனதும் அலாரம். எழுந்தேன், ஆனால் திரையை மூடவில்லை; கீழே உன் கடிதமும் திறந்தபடியே இருந்தது. மறுபடி என் முறை வரும்போது விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாமே என்று, புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பதுபோல அப்படியே விட்டுவிட்டு வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தேன். அதே கணினிக்கு எனக்கு முன்னால் மூன்று பேர், ஒன்றரை மணி நேரம். நாளிதழை எடுத்து முகத்தில் போர்த்தினேன். அங்கேதான் தப்புச் செய்தேன். ஏனென்றால் எங்கள் வாசகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. நாளிதழின் குறுக்கெழுத்துப் போட்டியை ஒருவர் பாதியில் விட்டுப் போனால், அடுத்து வருகிறவர் மீதிக் கட்டங்களை நிரப்புவார். யாரும் யாரையும் கேட்பதில்லை. நானே எத்தனையோ பேரின் கட்டங்களை நிரப்பியிருக்கிறேன், பெரும்பாலும் தப்பாக.

கண் விழித்துப் பார்த்தால் மூன்றாம் எண் கணினியைச் சுற்றித் தையல்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மருந்துக்கடை அம்மா மூவரும் நிற்கிறார்கள்.

“நீங்க தூங்குங்க அன்புள்ள சார், லெட்டர் முக்கால்வாசி முடிஞ்சிருச்சு” என்றார் தையல்காரர்.

“என் லெட்டரா? உங்களை யாருய்யா கேட்டா?”

“போன வாரம் என் ஏழாவது கட்டத்தை நீங்க ரொப்பினப்போ, நான் கேட்டேனா?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணு நாளா முதல் வரியிலேயே நிக்கிறீரு. நாளைக்குக் கெடு வெச்சிருக்கு அந்தப் பொண்ணு. பாதியில நிக்கிற கணக்கைப் பார்த்தா எனக்குக் கை அரிக்கும்.”

“ஆளைப் பத்தி ஒண்ணுமே தெரியாம எப்படிங்க சம்மதிக்கிறது?” என்றேன் நான், தமையனுக்குரிய கம்பீரத்தோடு, கன்னத்தில் நாளிதழ் மை அப்பியிருக்க.

“அண்ணே,” என்றார் மருந்துக்கடை அம்மா, “ஒருத்தரோட நாப்பது நிமிஷம் பேசிட்டு, பத்தலையேன்னு இந்த வயசுல தோணுச்சுன்னா அதுக்கு மருந்து கிடையாது. நான் இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன், எனக்குத் தெரியும்.”

“சத்தம்!” என்றார் நூலகரம்மா, எல்லோரையும்விடச் சத்தமாக. பிறகு அவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது அந்த மின்னஞ்சலை எடுத்துப் பார், உனக்கே விளங்கும். ‘ரவிக்கை அளவை உடனே அனுப்பவும், பழைய அளவை நம்ப வேண்டாம்’ என்பது தையல்காரர். ‘முதலாவதாக அவர் பொறுமைசாலி, இரண்டாவதாக நீ தனியாக இருக்கிறாய், ஆகவே விடை சரி’ என்பது வாத்தியார். ‘இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் அரை மணி நேரம் நடக்கவும், மாடி ஏற லிஃப்டைத் தவிர்க்கவும்’ என்பது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. முடிவில் நாலு வரி இருக்கிறது: ‘அன்றைக்கு நான் விசாரித்ததற்கு மன்னித்துவிடு. இந்தத் தடவை எதையும் விசாரிக்கப் போவதில்லை. கதவு தானாகத் திறந்திருக்கிறது, நான் போய் மூட மாட்டேன். சரி என்று சொல்லிவிடு பாப்பா.’ இது யார் எழுதியது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ‘அனுப்பு’ பொத்தானை அமுக்கியது யார் கை என்பதையும் அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்நேரம் நீ அவரிடம் சொல்லியிருப்பாய். சொன்னது சொன்னதாக இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் மூத்தவன் ஒருவன் இருக்கும்போது முறைப்படி கேட்டு, முறைப்படி யோசித்து, முறைப்படி பதில் வரவில்லை என்பதை மட்டும் நினைவில் வை. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் ‘அண்ணன்தானே சொன்னான்’ என்று வந்து நிற்காதே. சொன்னது ஒரு தையல்காரர், ஒரு வாத்தியார், ஒரு மருந்துக்கடை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணி உன்னை விசாரித்தாள். அவரையும் விசாரித்தாள், நான் விசாரிக்கவில்லை. நீங்கள் இருவரும் எந்த மாடியில் இருந்தாலும் கரண்டு போகாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஒரு பாவமும் அறியாத உன் அண்ணன்

பி.கு.: அம்மா, வணக்கம். நான் நூலகர். உங்கள் அண்ணன் இந்தக் கடிதத்தை எங்கள் மேசையில் விரித்தபடியே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். பாதியில் விட்டதை அடுத்தவர் முடிப்பது எங்கள் வழக்கம் என்று அவரே மேலே எழுதியிருப்பதால் முடிக்கிறேன். மற்ற மூவர் எழுதியது அவர் சொன்னபடிதான். ஆனால் அந்தக் கடைசி நாலு வரியை அவரே எழுதினார். ஒற்றை விரலால், ஐம்பது நிமிஷம். நடுவில் அலாரம் அடித்தபோது, இந்தக் கடிகாரம் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நான் அதன் தலையில் தட்டி நிறுத்தினேன். மூடும் நேரம் தாண்டியும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ‘அனுப்பு’ பொத்தானை அமுக்கியதும் அவர் விரல்தான். அமுக்கிவிட்டு, “போயிருச்சா? போயிருச்சா?” என்று பதினோரு தடவை கேட்டார். போயிருச்சு என்று நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கத்தினோம். கண்ணில் மை பட்டுவிட்டது என்று நாளிதழால் துடைத்துக்கொண்டார். மறுநாளே தையல்காரரிடம் கல்யாணத்துக்குச் சட்டை அளவு கொடுத்துவிட்டார். எங்கள் நால்வரையும் கூட்டிவருவதாகவும் சொல்லியிருக்கிறார். கண்டிப்பாக வருகிறோம். அலாரத்தைக் கொண்டுவர மாட்டேன்.

அவர் வருகிறார். உறையை நானே ஒட்டிவிடுகிறேன்.