மறுபக்கத்துக்கு ஒரு பத்தி

மூன்றாவது முறையும் ஆறரைதான் வந்திருந்தது.

எக்ஸ்ரேக்காரர் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். எந்தக் காகிதம் கையில் வந்தாலும் அப்படித்தான் பார்ப்பார். இருபது வருடத் தொழில் பழக்கம். ஒன்பதுக்குக் கேட்பதில் எட்டு, படிப்பதில் எட்டு, பேசுவதில் ஏழரை. எழுதுவதில் மட்டும் ஆறரை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி கேட்பதோ ஏழு. அந்த அரை எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது?

"தலைகீழாப் பிடிச்சுப் பாருங்களேன், ஆறு ஒன்பதா மாறுதான்னு" என்றாள் மனைவி.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. போகப் போகிறோம் என்று நம்பி, போன மாதமே தன் வேலையை விட்டிருந்தாள். இந்த மாதக் கடைசிக்குள் இரண்டு காகிதங்கள் போய்ச் சேர வேண்டும். ஒன்று, ஏழு என்று போட்ட மதிப்பெண் தாள். இன்னொன்று, இங்கே அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கையெழுத்திட்ட அனுபவச் சான்றிதழ். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்த வேலை வேறு யாருக்கோ.

ஆகவே எக்ஸ்ரேக்காரர் பத்தியாரிடம் போனார்.

சாவி வெட்டும் கடைக்கு மாடியில் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி நடத்துபவர் அவர். கட்டுரையின் பத்திகளைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசாததால் மாணவர்கள் வைத்த பெயர் பத்தியார். அவருக்குப் பின்னால் சுவரில் நான்கு கட்டங்கள் வரைந்த படம் ஒன்று, சாமி படத்துக்குரிய மரியாதையோடு தொங்கியது.

"உங்க கட்டுரையில என்ன கோளாறு தெரியுமா? எலும்பே இல்ல" என்றார் பத்தியார்.

எலும்பு பார்த்தே பிழைக்கிற மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? எக்ஸ்ரேக்காரர் அடிபட்டவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலு பத்தி. முதல் பத்தியில கேள்வியையே வேற வார்த்தையில திருப்பிச் சொல்லணும். ரெண்டாவது, ஆன் தி ஒன் ஹேண்ட். மூணாவது, ஆன் தி அதர் ஹேண்ட். நாலாவது, முடிவு."

"முடிவுல என்ன சார் சொல்லணும்?"

"ரெண்டும் சரிதான்னு."

"அதை முதல்லயே சொல்லிட்டா என்ன சார்?"

பத்தியார் கண்ணை மூடித் திறந்தார். "இப்படிக் கேக்கறவங்க எல்லாருக்கும் ஆறரைதான்."

"அந்த ஹேண்ட்னா... கையா சார்?"

"கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு பக்கம் பார்த்தா, மறுபக்கம் பார்த்தான்னு அர்த்தம். இது தெரியாதவன் உலகத்திலேயே கிடையாது."

"எல்லா விஷயத்துக்கும் மறுபக்கம் இருக்குமா?"

"இல்லேன்னா உண்டாக்குங்க! பரீட்சை வரைக்கும் எதை எழுதினாலும் ரெண்டு பக்கமும் எழுதுங்க. பழகிடும்."

வேகமாகவே பழகியது. "பால் வாங்கினீங்களா?" என்று மனைவி கேட்டதற்கு, பால் வாங்குவது பற்றி மக்களிடையே நிலவும் இருவேறு கருத்துகளை அவர் விளக்கத் தொடங்கினார்.

"முடிவை மட்டும் சொல்லுங்க."

"வாங்கல."

மறுநாள் ஆஸ்பத்திரியில் தையல்காரர் ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

"எங்கய்யா வலிக்குது?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

தையல்காரர் வாயைத் திறந்தார்.

"கால்தான்" என்றாள் மனைவி. "ஸ்டூல் மேல ஏறி துணி பண்டலை எடுக்கறேன்னு விழுந்துட்டாரு. நொண்டி நொண்டி நடக்கறாரு பாருங்க."

தையல்காரர் மறுபடி வாயைத் திறந்தார்.

"நீங்க சும்மா இருங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நீங்க படத்தை எடுங்க."

எடுத்தார். கால் எலும்பு பாடப்புத்தகத்தில் போடலாம் போல சுத்தமாக இருந்தது. படம் பார்த்துக் குறிப்பு எழுதும் டாக்டர் விடுப்பில் இருந்ததால் எக்ஸ்ரேக்காரரே ஒரு வரி எழுத வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நிறுத்தினார். ஒரு பக்கம்தான் ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் என்றால் ஆறரை.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார். 'ஆன் தி ஒன் ஹேண்ட், லேசான விரிசல் இருக்கலாம். ஆன் தி அதர் ஹேண்ட், எல்லாம் சரியாக இருக்கிறது.'

படித்துப் பார்த்தபோது, தொலைந்துபோன அரை மதிப்பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டது போலிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வராந்தாவே அதிர்ந்தது.

"மருந்து வாங்கப் போய்ட்டு வரதுக்குள்ள என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க? காலுக்குன்னு கூட்டிட்டு வந்தா கையில மாவுக்கட்டு! இவரு இனி கத்தரிக்கோலை வாயிலயா பிடிப்பாரு?"

அவள் பக்கத்தில் வலது கையில் வெள்ளைவெளேரென்று கட்டோடு தையல்காரர் சாதுவாக நின்றார்.

டியூட்டி டாக்டர் கொஞ்சமும் அசரவில்லை. "ஒரு கையில விரிசல், இன்னொரு கை சரியா இருக்குன்னு தெளிவா எழுதியிருக்கே! எந்தக் கைன்னுகூடக் கேட்டேன். அவரேதான் நீட்டினாரு."

கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரியாத ஒருவர் உலகத்தில் இருக்கத்தான் செய்தார். அவர் பெயருக்குப் பின்னால் ஆறு பட்டங்கள் இருந்தன.

கண்காணிப்பாளர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். எக்ஸ்ரேக்காரர் ராத்தூக்கம் கெட்டு எழுதிக் கொடுத்தார். கண்காணிப்பாளர் உரக்கப் படித்தார்.

"'கைக்குக் கட்டுப் போட்டது தவறு என்று சிலர் கருதுகின்றனர்.' யாருய்யா அந்தச் சிலர்?"

"தையல்காரர் சம்சாரம் சார்."

"'ஓய்வு கிடைப்பதால் கைக்கு நன்மையே என்று வேறு சிலர் கருதுகின்றனர்.' இது யாரு?"

"அது... மூணாவது பத்தி சார்."

காகிதம் மேசையைத் தாண்டிப் பறந்து வந்தது.

எக்ஸ்ரேக்காரர் அதைப் பொறுக்கிக்கொண்டு பத்தியாரிடம் ஓடினார். பத்தியார் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வகை மாறிப்போச்சு. இது ரெண்டு பக்கக் கேள்வி இல்ல, சொந்தக் கருத்துக் கேள்வி. முதல் வரியிலேயே அடிச்சுச் சொல்லணும். சொல்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு உதாரணம் வேணும். உதாரணம் இல்லாத கருத்து சும்மா."

அப்படியே இரண்டாவது விளக்கம் தயாராயிற்று. 'நம் ஆஸ்பத்திரியில் கவனக்குறைவு உண்டு என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். உதாரணமாக, சென்ற வருடம் கண்காணிப்பாளர் தம் மூக்குக் கண்ணாடியை எக்ஸ்ரே மேசையிலேயே வைத்துவிட்டு, படத்தைப் பார்த்ததும் நோயாளி கண்ணாடியை விழுங்கிவிட்டார் என்று மூன்று டாக்டர்களைக் கூப்பிட்டார்.'

கண்காணிப்பாளர் இதை உரக்கப் படிக்கவில்லை. அந்தக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சான்றிதழ்ல கையெழுத்துக் கேட்டிருந்தீங்கல்ல?"

"ஆமா சார்."

"போடறதா இல்ல. நாளைக்கு அந்தத் தையல்காரரை வரச் சொல்லுங்க. உங்க கையாலயே கட்டைப் பிரிங்க. புகார் இல்லைன்னு அவங்க எழுதிக் கொடுத்தா அப்புறம் பார்க்கலாம். இல்லேன்னா இருக்கற வேலையும் சந்தேகம்தான்."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "பத்தியாருகிட்ட இனி போகாதீங்க" என்றாள் நிதானமாக. "அந்தம்மா முன்னாடி என்ன சொல்லப் போறீங்க?"

"முதல்ல விஷயத்தை அறிமுகப்படுத்திட்டு..."

"ஒரே மூச்சில சொல்லணும். மறுபக்கம்னு வாயைத் திறந்தீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

மறுநாள் கட்டுப் போடும் அறையில் கண்காணிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். தையல்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். கல்யாண சீசன் ஆர்டர் போனது, பட்டன்கூடத் தைக்க முடியாமல் கிடப்பது, சோறுகூட அவளே ஊட்டிவிடுவது. நடுவில் ஒரு தடவை தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள்.

அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் எக்ஸ்ரேக்காரர் சொன்னார்: "தப்பு என்னுதும்மா. அய்யா கால் நல்லாத்தான் இருந்துச்சு. விரிசல்னு நானா எழுதினேன். மன்னிச்சிடுங்க."

அவ்வளவுதான். அறிமுகம் இல்லை, உதாரணம் இல்லை. இருபது வருடத்தில் இவ்வளவு சுத்தமான படம் அவர் எடுத்ததில்லை.

அந்தம்மா ஓங்கிய கையை இறக்கினாள். இப்படி நேராக வந்து விழுகிறவரை என்ன சொல்லித் திட்டுவது? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, போகட்டும். எங்க எழுதிக் குடுக்கணும்?"

"வெளியில கவுண்டர்ல தாள் இருக்கும்மா" என்றார் கண்காணிப்பாளர், குரல் இறங்கி.

அவள் போனாள். எக்ஸ்ரேக்காரர் பெருமூச்சு விட்டார். கட்டு வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு தையல்காரர் முன்னால் குனிந்தார்.

தையல்காரர் சட்டென்று கையை மார்போடு இழுத்துக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கட்டைத் தொடாதீங்க தம்பி! அன்னைக்கு விழுந்தப்போ ஊனினது இந்தக் கையைத்தான், வலியும் இதுலதான். கால்ல புதுச் செருப்பு கடிச்சிருந்தது, அவ்வளவுதான். அவ பேசிட்டே இருந்தாலும், என் பக்கத்தையும் கண்டுபிடிச்சு எழுதினது நீங்க ஒருத்தர்தான்!"